வேர்முடிச்சு பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"உளுந்துக்கும் கடலைக்கும் ரைசோபியம் கலந்துதான் விதைத்தோம், பலன் ஒன்றும் தெரியவில்லை. மண்ணில் இருக்கும் வைரஸ் அதைத் தின்றுவிட்டதாமே?" திருவாடானையிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வந்துகொண்டே இருக்கிறது. ரைசோபியம் என்பது பயறு, கடலை வேரில் முடிச்சு போட்டுத் தழைச்சத்து பிடித்துத் தரும் பாக்டீரியா, அதைத்தான் உயிர் உரமாகப் பாக்கெட்டில் வாங்குகிறோம். அதைத் தாக்கும் வைரஸ் ஒன்று உண்டு. அது பாக்டீரியாவைக் கொல்வதும் உண்மை. ஆனால் ராமநாதபுரம் கடலோர வயல்களில் உயிர் உரம் தோற்பதற்கான காரணங்களை வரிசைப்படுத்தச் சொன்னால், வைரஸை நான் கடைசியில்தான் எழுதுவேன். ஏன் என்பதைக் கேள்வி கேள்வியாகப் பார்ப்போம்.

பாக்டீரியாவுக்கே வைரஸ் வருமா?

வரும். இங்கிலாந்தில் பிரெடரிக் ட்வோர்ட் 1915-லும், பாரிஸில் பெலிக்ஸ் டி ஹெரல் 1917-லும் தனித்தனியாக இதைக் கண்டு எழுதினார்கள். பாக்டீரியோபேஜ் என்று பெயர் வைத்தவர் டி ஹெரல். சுருக்கமாக பேஜ் என்பார்கள். அதற்கும் முன்னால், 1896-ல், இந்தியாவில் வேலை பார்த்த எர்னஸ்ட் ஹான்கின், கங்கை யமுனை நீரில் காலராக் கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருக்கிறது, நீரைக் கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விடுகிறது என்று எழுதியிருந்தார். அது பேஜாக இருந்திருக்கலாம் என்று பிறகு வந்தவர்கள் கருதினார்கள்.

அளவைச் சொன்னால் கொஞ்சம் புரியும். மண் பாக்டீரியா ஒன்று சுமாராக ஒன்று, இரண்டு மைக்ரான் நீளம் இருக்கும். பேஜின் தலை பெரும்பாலும் 50 முதல் 100 நானோமீட்டர்தான், அதாவது ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்குள். சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும். பாக்டீரியாவின் மேல்தோலில் தனக்குப் பொருந்தும் இடத்தைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும், தன் மரபுப் பொருளை மட்டும் உள்ளே செலுத்தும். அதன் பிறகு அந்த பாக்டீரியாவின் இயந்திரம் முழுவதும் பேஜ் தயாரிக்கிற வேலையைத்தான் செய்யும். கடைசியில் செல் உடைந்து, பத்துக்கணக்கிலோ நூற்றுக்கணக்கிலோ புதுப் பேஜ்கள் வெளியே வரும். குடல் பாக்டீரியாவில் இது அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கடலை வேரில் முடிச்சு போடும் பிராடிரைசோபியம் (ரைசோபியத்தின் நெருங்கிய சொந்தம்) மெதுவாக வளர்வது, அதில் பல மணி நேரம் ஆகும்.

எல்லாப் பேஜும் உடனே கொல்வதில்லை. சில, பாக்டீரியாவின் மரபணுவோடு சேர்ந்துகொண்டு வாடகை தராத குடித்தனக்காரர் மாதிரி தலைமுறை தலைமுறையாக அங்கேயே தங்கிவிடும். பாக்டீரியாவுக்கு ஏதாவது நெருக்கடி வந்தால் அப்போது விழித்துக்கொண்டு கொல்லும்.

இது பயிரைத் தாக்குமா? ஆடு மாட்டுக்கு, நமக்கு வருமா?

வராது. பேஜ் பாக்டீரியாவைத் தவிர வேறு எந்த உயிரின் செல்லிலும் பெருகாது. முண்டு மிளகாயில் வரும் இலைச்சுருட்டு வைரஸும், உளுந்தில் வரும் மஞ்சள் தேமல் வைரஸும் முற்றிலும் வேறு சாதி. அவற்றைப் பரப்புவது வெள்ளை ஈ. இலை மஞ்சளானதைப் பார்த்துவிட்டு மண் வைரஸைத் திட்டிப் பயனில்லை.

எந்த நல்ல பாக்டீரியாக்களைத் தாக்கும்?

நாம் பாக்கெட்டில் வாங்கும் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பேஜ்கள் உண்டு. ரைசோபியம், நெல்லுக்குத் தழைச்சத்து தரப் போடும் அசோஸ்பைரில்லம், மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவில் வரும் பேசில்லஸ், வேரழுகலுக்குப் போடும் சூடோமோனாஸ் என்று எதுவும் விலக்கில்லை. ரைசோபியத்தின் பேஜ்கள் 1920-களிலேயே கண்டறியப்பட்டவை. அசோஸ்பைரில்லத்தின் பல ரகங்கள் தூங்கும் பேஜை மரபணுவிலேயே சுமந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஒரு பேஜ் எல்லாவற்றையும் தாக்காது என்பது முக்கியம். ஒரே இனத்து ரைசோபியத்திலேயே ஒரு ரகத்தைக் கொல்லும் பேஜ் பக்கத்து ரகத்தைத் தொடாமல் போகும். அதனால் "மண்ணில் வைரஸ் வந்து எல்லா நல்ல கிருமியும் செத்துப்போச்சு" என்ற பேச்சில் அர்த்தமே இல்லை. பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. பேஜ் ஒட்டுகிற இடத்தையே மாற்றிக்கொண்ட சில செல்கள் எப்போதும் கூட்டத்தில் இருக்கும், அவை பிழைத்துப் பெருகும். பேஜும் அதற்கேற்ப மாறும்.

மண்ணில் எவ்வளவு இருக்கும்?

ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கில். நல்ல ஈரமும் மக்கும் இருக்கும் மண்ணில் நூறு கோடியைத் தாண்டுவதும் உண்டு. காய்ந்து கிடக்கும் மணலில் மிகக் குறைவு. ஆக, "என் நிலத்தில் பேஜ் இருக்கிறதா" என்று கேட்டால், இருக்கிறது, உங்கள் தாத்தா உழுத காலத்திலும் இருந்தது.

இதனால் விளைச்சல் குறைந்ததற்கு உண்மையான ஆதாரம் உண்டா?

உண்டு, ஆனால் பார்த்துப் படிக்க வேண்டிய ஆதாரம்.

பிரான்சில் குதிரைமசால் (ரைசோபியம் முடிச்சு போடும் தீவனப் பயிர்) தொடர்ந்து பயிரிட்ட நிலங்கள் சில வருடங்களில் சோர்ந்துபோயின. 1930-களில் டெமோலான், டூனே என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்த மண்ணில் ரைசோபியத்தைக் கொல்லும் பேஜ் நிறைய இருப்பதைக் காட்டி, சோர்வுக்குக் காரணம் அதுதான் என்றார்கள். பெரிய விவாதமானது. பேஜ் இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் பேஜ் இருந்ததாலேயே பயிர் சோர்ந்தது என்பதைப் பின்னால் வந்த பலர் ஏற்கவில்லை. ரைசோபியம் நிறைய இருக்கும் இடத்தில் அதைத் தின்னும் பேஜும் நிறைய இருக்கத்தான் செய்யும். திருடன் இருக்கும் ஊரில் போலீஸ் நிறைய இருந்தால், திருட்டுக்குக் காரணம் போலீஸ் என்று சொல்லிவிட முடியுமா?

இன்னொன்று இதைவிடத் தெளிவானது. சுவிட்சர்லாந்தில் சூடோமோனாஸின் சி.எச்.ஏ.0 என்ற ரகம் வேர் நோய்களைத் தடுப்பதில் பேர் பெற்றது. 2002-ல் வெளியான ஆய்வில், இயற்கை மண்ணில் அந்த ரகத்தோடு அதைக் கொல்லும் பேஜையும் சேர்த்துவிட்டுப் பார்த்தார்கள். பாக்டீரியாவின் எண்ணிக்கை விழுந்தது. வெள்ளரியை பித்தியம் என்ற கிருமியால் வரும் அழுகலிலிருந்து அது காத்துவந்ததும் நின்றுபோனது. இங்கே காரணம் காரியம் இரண்டும் கையில் இருக்கிறது. ஆனால் அது ஆய்வகத்துத் தொட்டி மண், பேஜையும் கையால் சேர்த்தார்கள். வயல் அப்படி இல்லை.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. 1992-ல் சோயா விதையின் மேலேயே பேஜைப் பூசி விதைத்துப் பார்த்தார்கள். மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கும் திறமை குறைந்த பிராடிரைசோபியத்தைக் குறைத்து, நாம் கலந்த நல்ல ரகத்துக்கு வேரில் இடம் வாங்கித் தருவது யோசனை. வேண்டாத ரகம் போட்ட முடிச்சுகள் குறைந்தன. எதிரி என்று நினைப்பதை வேலைக்காரனாக்குவது இப்படித்தான்.

சரி, நம் ராமநாதபுரம் மண்ணில் என்ன நடக்கும்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் பக்கம் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பிய விவசாயம். மழைக்கு முன்பே புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். விதையில் பூசிய அசோஸ்பைரில்லம் அந்த நாட்களில் எங்கே இருக்கிறது? கை வைக்க முடியாத சூட்டில், ஈரமே இல்லாத மேல்மண்ணில். அசோஸ்பைரில்லத்துக்கும் ரைசோபியத்துக்கும் பேசில்லஸ் மாதிரி தடித்த உறைக்குள் வித்தாகித் தூங்கும் வசதி கிடையாது. மழை பத்து நாள் தள்ளிப்போனால் பூசியதில் பெரும்பகுதி காய்ந்தே செத்துவிடும். வைரஸுக்கு அங்கே வேலையே வைக்காது வெயில்.

பேஜுக்கும் அதே வெயில்தான். புற ஊதாக் கதிரும் ஈரமின்மையும் மண்ணின் மேல்மட்டத்தில் அதையும் அழிக்கும். ஆனால் அதற்கு ஒரு மறைவிடம் உண்டு. களிமண் துகளில் ஒட்டிக்கொண்டால் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும். முதுகுளத்தூர், கமுதி பக்கத்துக் கரிசலில் அந்த மறைவிடம் நிறைய. மண்டபம், உச்சிப்புளி பக்கத்து மணலில் மிகக் குறைவு, அங்கே மழைநீரோடு கீழே இறங்கிவிடும்.

உப்பு என்ன செய்யும்? இரண்டு பக்கமும் இழுக்கும். நீரில் கால்சியம், மெக்னீசியம் கூடினால் பேஜ் களிமண்ணில் இன்னும் இறுக்கமாக ஒட்டும், அதனால் பாக்டீரியாவை எட்டாது. அதே சமயம் பல பேஜ்களுக்கு பாக்டீரியாவில் ஒட்டவே கொஞ்சம் கால்சியமோ மெக்னீசியமோ வேண்டும். உவர் நிலத்தில் பாக்டீரியா மெதுவாக வளரும், மெதுவாக வளரும் செல்லில் பேஜும் மெதுவாகவே பெருகும். ஆக உப்புக்கூடிய மண்ணில் வைரஸ் கொட்டமடிக்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் இல்லை. உப்பின் நேரடி அடிதான் பெரிது. அதிலும் ஒரு நுட்பம். ரைசோபியம் பல நேரம் செடியைவிட உப்பைத் தாங்கும். தாங்காதது வேருக்குள் அது நுழைந்து முடிச்சு உண்டாகும் கட்டம். பாக்டீரியா உயிரோடு இருந்தும் முடிச்சு இல்லாமல் போவது அதனால்தான். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி மாதிரி கடலை ஒட்டிய வயல்களில் இதை முதலில் சந்தேகப்படுங்கள்.

பேஜ் சுறுசுறுப்பாகும் நேரம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது முதல் நல்ல மழை. புழுதி நனைந்ததும் பாக்டீரியா கூட்டம் குபீரென்று பெருகும், அதைத் தொடர்ந்து பேஜும் பெருகும். வேரைச் சுற்றியும் அப்படித்தான், இரை இருக்கும் இடம் அது.

என் கடலையில் முடிச்சு இல்லை. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

விதைத்து 30, 40 நாளில் நாலைந்து செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும், பிறகு இல்லை என்று நினைத்துக்கொள்வோம். முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து பிடிக்கிற வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. முடிச்சே இல்லையென்றால் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள்.

முதலில் பாக்கெட். காலாவதித் தேதி பார்த்தீர்களா, கடையில் வெயில் படும் இடத்தில் அடுக்கியிருந்ததா, வீட்டுக்கு வரும் வழியில் பைக் பெட்டியில் மதியம் முழுக்கக் கிடந்ததா? அடுத்து மருந்து. பூஞ்சாணக் கொல்லியும் உயிர் உரமும் ஒரே நேரத்தில் விதையில் பட்டால் செத்தது பாக்டீரியாதான். மருந்து கலந்து 24 மணி நேரம் கழித்தே உயிர் உரம். அப்புறம் யூரியா. தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கும் செடி முடிச்சு போடச் சோம்பல்படும். மணிச்சத்து இல்லாத நிலத்திலும் முடிச்சு குறையும். கடைசியாகப் பயிருக்கு ஏற்ற ரைசோபியமா என்பது. உளுந்துக்கு என்று கொடுத்ததைக் கடலையில் போட்டால் எதிர்பார்த்த பலன் வராமல் போகலாம்.

இவ்வளவும் சரியாக இருந்து, அதே நிலத்தில் அதே பயிர், அதே ரகப் பாக்கெட், வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறது என்றால் அப்போது பேஜை யோசிக்கலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.

பாக்கெட்டுக்குள்ளேயே வைரஸ் இருக்க வாய்ப்பு உண்டா?

இது நல்ல கேள்வி. பலர் கேட்பதில்லை. வயலைவிடத் தயாரிப்புக் கூடத்தில்தான் பேஜ் உண்மையான தொல்லை. ஒரே ரக பாக்டீரியா, ஒரே தொட்டி, நிறைய உணவு, நல்ல சூடு. ஒரு பேஜ் நுழைந்தாலும் ஒரு ராத்திரியில் தொட்டி முழுவதும் தெளிந்த தண்ணீராகிவிடும். பால் பொருள் தொழிலில் இது பழைய கதை. நியூசிலாந்தில் சீஸுக்கு உறைமோர் மாதிரி போடும் பாக்டீரியா தோற்றுப்போனதற்குக் காரணம் பேஜ் என்று 1935-லேயே கண்டுபிடித்தார்கள். பூச்சிக்கொல்லியாகப் பயன்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் தயாரிப்பிலும் இதே தலைவலி உண்டு.

இந்தியாவில் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, தூள் வடிவ ரைசோபியத்தில் கிராமுக்கு குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்லும், திரவ வடிவில் மில்லிக்கு 10 கோடியும் இருக்க வேண்டும். வேறு கிருமி கலப்பு, கார அமிலத் தன்மை, ஈரப்பதம் எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. பேஜ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் விதி அதில் இல்லை. என் அபிப்பிராயத்தில் தாய் வளர்ப்பை (பாக்கெட்டுகளுக்கெல்லாம் மூலமாக வைத்திருக்கும் பாக்டீரியாவை) வருடம் ஒரு முறையாவது பேஜுக்குப் பார்ப்பது தயாரிப்பாளர்களுக்கே லாபம். ஒன்றுக்கு இரண்டு மூன்று ரகங்களைக் கையில் வைத்து மாற்றி மாற்றி வளர்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. வாங்குகிற நாம் செய்யக்கூடியது, தயாரித்த தேதி புதிதாக இருப்பதாகப் பார்த்து எடுப்பது மட்டும்தான்.

பேஜால் மண்ணுக்கு நன்மை ஏதாவது உண்டா?

நிறைய. பாக்டீரியா உடையும்போது உள்ளே இருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் மண்நீரில் கலக்கும், அதை வேரும் மற்றக் கிருமிகளும் எடுத்துக்கொள்ளும். ஒரே ரகம் எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளாமல் பேஜ் தட்டி வைக்கும். ஒரு பாக்டீரியாவின் மரபணுத் துண்டை இன்னொன்றுக்குச் சுமந்து போகும் வேலையையும் சில பேஜ்கள் செய்கின்றன, ஜிண்டரும் லெடர்பெர்கும் 1952-ல் காட்டியது அது.

தக்காளி, கத்தரி, மிளகாய் வாடிச் சாவதற்குக் காரணமான ரால்ஸ்டோனியா பாக்டீரியாவைப் பேஜ் கலவையால் அடக்கும் ஆய்வுகள் நல்ல நிலையில் இருக்கின்றன. அமெரிக்காவில் தக்காளி, மிளகாய் பாக்டீரியா புள்ளி நோய்க்குப் பேஜ் மருந்துக்கு 2005-லேயே அனுமதி கொடுத்தாயிற்று. அதைக் காட்டி இங்கே யாராவது பெயர் தெரியாத பாட்டிலை "வைரஸ் மருந்து" என்று விற்க வந்தால், எந்த பாக்டீரியாவின் எந்த ரகத்துக்கு என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பேஜ் ரகம் பார்த்துத்தான் வேலை செய்யும். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

பேஜைக் கொல்ல வயலில் ஏதாவது தெளிக்கலாமா?

கூடாது. பேஜைக் கொல்கிற பிளீச்சிங் பவுடரோ வேறு கிருமிநாசினியோ பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்லும்.

ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் விட்டால் பேஜ் கூடுமா?

சாணத்தில் பேஜ் எக்கச்சக்கம், ஆனால் அவை பெரும்பாலும் மாட்டுக் குடல் பாக்டீரியாவுக்கானவை. ரைசோபியத்துக்கு அவற்றால் தொந்தரவு வராது.

அப்படியானால் நான் என்னதான் செய்ய வேண்டும்?

புழுதி விதைப்பில் விதையில் மட்டும் உயிர் உரத்தைப் பூசி நம்பிக்கொண்டிருக்காதீர்கள். மழை விழுந்து மண் ஈரமான பிறகு, எக்டேருக்கு 10 பாக்கெட், அதாவது 2 கிலோ, 25 கிலோ மக்கிய தொழு உரத்தோடும் 25 கிலோ மண்ணோடும் கலந்து சாயங்கால வேளையில் தூவுங்கள். பயறு வகைக்கு விதை நேர்த்தி செய்வதென்றால் ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும்.

அதே நிலத்தில் அதே பயறையே திரும்பத் திரும்பப் போடாமல் இடையில் குதிரைவாலியோ சோளமோ பருத்தியோ மிளகாயோ வரட்டும். இரை இல்லாத பருவத்தில் அந்தப் பேஜ் தானே குறையும், பூச்சி நோயும் குறையும். உவர் நிலத்தில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது இரட்டை லாபம். உப்பையும் தாங்கும், முடிச்சும் போடும். மண்ணில் மக்கு கூடினால் பலவகை பாக்டீரியா இருக்கும், ஒரு ரகத்தைப் பேஜ் பிடித்தாலும் அந்த வேலையை இன்னொன்று செய்யும். மண்ணின் உப்பு அளவு பற்றிய சந்தேகத்துக்கு ராமநாதபுரத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

சீமைக்கருவேலம் அழித்த நிலத்தில் ரைசோபியம் தனியாகப் போட வேண்டுமா?

போடுங்கள். கருவேலமும் அவரைக் குடும்பம்தான், அதன் வேரிலும் முடிச்சு உண்டு, எனவே அந்த மண்ணில் ரைசோபியமும் அதன் பேஜும் இருக்கும். ஆனால் கருவேலத்துக்குப் பழகிய ரகம் உங்கள் உளுந்துக்கோ கடலைக்கோ நன்றாக வேலை செய்யும் என்று நம்பி இருக்க முடியாது.

என் மண்ணில் ரைசோபியத்தின் பேஜ் இருக்கிறதா என்று சோதிக்க முடியுமா?

மண் பரிசோதனை நிலையத்தில் இது செய்வதில்லை. ஆனால் நுண்ணுயிரியல் பாடம் இருக்கும் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யக்கூடிய சோதனைதான். மண்ணை நீரில் கரைத்து, பாக்டீரியா நுழைய முடியாத 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அந்த நீரைச் சந்தேகப்படும் ரைசோபியத்தோடு மென்மையான அகர் கூழில் கலந்து தட்டில் ஊற்றி வைப்பார்கள். பாக்டீரியா படர்ந்து தட்டு மங்கலாகும். பேஜ் இருக்கும் இடத்தில் மட்டும் வட்ட வட்டமாகத் தெளிந்த புள்ளிகள் தெரியும், அவற்றை எண்ணிவிடலாம். கடலை ரைசோபியம் மெதுவாக வளர்வதால் சில நாள் காத்திருக்க வேண்டும்.

சோதிக்கும்போது நீங்கள் வாங்கிய பாக்கெட்டையும் கூடவே கொடுங்கள். அந்தப் பாக்கெட்டின் ரகத்துக்கு எதிராகப் பேஜ் இருக்கிறதா என்று பார்த்தால்தான் முடிவு பயன்படும். வேறு ஏதோ ரகத்தில் புள்ளி விழுந்தது என்றால் அதை வைத்து உங்கள் வயலில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை.